ஃபெராரி 308: 9,400 மைல் ஓடிய காரா, 61,000 மைல் ஓடிய காரா?

லெஸ்டர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை.

1998-இல் இங்கிலாந்து வந்த புதிதில் ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து ஒரு பெரியவர் ஃபெராரி 308-இல் வருவார். பெட்ரோல் போட்டதும் மூடியைச் சுற்றிச் சிந்தியதைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் துணியால் துடைப்பார். அவர் வண்டியைக் கிளப்பும் வரை நான் கல்லாவை எண்ணாமல் காத்திருப்பேன். அன்று வைத்த ஆசை இது. இப்போது வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, மகளும் வேலைக்குப் போய்விட்டாள். "வாங்குங்கள், ஆனால் வாங்கின பிறகு எவ்வளவு ஆகும் என்று முதலில் தெரிந்துகொண்டு வாங்குங்கள்" என்கிறாள் மனைவி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் 308 ஜிடிஎஸ் குவாட்ரோவால்வோலே (கூரையைக் கழற்றக்கூடிய மாடல்), வலது பக்க ஸ்டியரிங்.

ஒன்று சிவப்பு, 1984. ஓடியது 9,400 மைல்தான். 2004-இலிருந்து கராஜில் நின்றிருக்கிறது. டயர்கூட மாற்றாத அசல் வண்டி என்கிறார் விற்பவர். கேட்பது 88,000 பவுண்டு.

இன்னொன்று நீலம், 1983. 61,000 மைல். நான்கு உரிமையாளர்கள், ஒரு கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பில்கள் இரண்டு பெரிய ஃபைல் நிறைய இருக்கின்றன. கேட்பது 54,000.

மனம் சிவப்புப் பக்கம்தான் போகிறது. என்ன சொல்கிறீர்கள்?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாழ்த்துகள் நண்பரே. நான் லண்டனில் இருக்கிறேன், கார் எதுவும் இல்லை, ஆனால் இந்தச் சந்தையைப் பல வருடமாகக் கவனிக்கிறேன். நாளைக்கு விற்கப் போனாலும் குறைந்த மைல் காருக்குத்தான் விலை. 61,000 மைல் என்றதும் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். கையில் பணம் இருந்தால் சிவப்பு.

---

ரெஜ்ஜோமெக்கானிக் எழுதியது:

தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. நான் இத்தாலியில், ரெஜ்ஜோ எமிலியாவில் இருக்கிறேன். ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவுக்கு இங்கேயிருந்து அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. 22 வருசமாகப் பழைய கார் திருத்தும் பட்டறையில்தான் வேலை. 308, 328, மொந்தியால் என்று இந்தக் குடும்பத்து எஞ்சின்கள் கனக்க என் கையால் போயிருக்கின்றன.

இருபது வருசம் நின்ற காரை "ஓடாத கார்" என்று நினைக்காதேயுங்கோ. அது கெட்டுக்கொண்டு நின்ற கார். உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன்.

இந்தக் காரில் பெற்றோல் ஊட்டுவது பொஷ் கே-ஜெட்ரோனிக். அதின் நடுவில் ஒரு இரும்பு வார்ப்பு, ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர். அதுக்குள் சுண்டுவிரலிலும் மெல்லிய ஒரு பிளஞ்சர் ஒரு குழாய்க்குள் ஏறி இறங்கும். குழாயின் சுவரில் தலைமயிர் அளவுக் கீறல்கள் எட்டு, சிலிண்டருக்கு ஒன்று. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்குதோ அவ்வளவுக்குப் பிளஞ்சர் உயர்ந்து, அந்தக் கீறல்களைத் திறந்துவிடும். எட்டுச் சிலிண்டருக்கும் பெற்றோல் அளப்பது இந்தக் கீறல்கள்தான். கார் நின்றால் உள்ளே கிடக்கும் பெற்றோல் காய்ந்து வார்னிஷ் மாதிரிப் பிடிக்கும். பிளஞ்சர் இறுகிப்போகும். பிறகு அதைக் கழற்றிச் சீராக்க வேணும், பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எட்டும் மாற்ற வேணும், பம்ப், ஃபில்டர், குழாய் எல்லாமே மாற்ற வேணும். 308-இல் பெற்றோல் டாங்க் இரண்டு. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒரு தடித்த இணைப்புக் குழாய். அந்த டாங்குகள் உள்ளே துருப் பிடிக்கும். கழுவாமல் ஸ்டார்ட் பண்ணினால் அந்தத் துரு நேரே புதிதாகப் போட்ட இன்ஜெக்டருக்குத்தான் போகும்.

பிறகு ரப்பர். காம்ஷாஃப்ட் ஓயில் சீல், தண்ணீர்க் குழாய், பிரேக் காலிப்பர் சீல், எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயது ஏறும். ரேடியேட்டர் முன்னுக்கு, எஞ்சின் பின்னுக்கு என்றபடியால் தண்ணீர்க் குழாய் காரின் நீளத்துக்குப் போகுது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி காலிப்பருக்குள் பிஸ்டனை இறுக்கிவிடும். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு ஒட்டிப்போய் வந்த கார்களும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்து முடிக்கும்போது நீங்கள் மிச்சம் பிடித்த மைலுக்குக் கொடுத்த காசைப்போல இன்னொரு பங்கு போயிருக்கும். நீலக் காரின் ஃபைலைப் பாருங்கோ. இதெல்லாம் யாரோ ஏற்கெனவே தன் காசில் செய்து முடித்திருப்பான்.

---

சேலத்துக்காரன் எழுதியது:

கார் வாங்கப் போவதில்லை, ஆனால் படிக்க ஆசை. ஒரு சந்தேகம் ஐயா. இந்தக் கார்களைப் பற்றி எங்கே படித்தாலும் "பெல்ட், பெல்ட்" என்கிறார்கள். சாதாரணக் காரிலும் டைமிங் பெல்ட் இருக்கிறதே, இதில் மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

---

ரெஜ்ஜோமெக்கானிக் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. 308 குவாட்ரோவால்வோலேயில் பெல்ட் இரண்டு, வி8-இன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்று. பெயரிலேயே இருக்குது, சிலிண்டருக்கு நாலு வால்வு, மொத்தம் 32. பெல்ட் அறுந்தாலோ பல் தாவினாலோ அந்தப் பக்கத்து வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாஃப்ட் நின்றுவிடும். திறந்த வால்வு திறந்தபடி நிற்கும். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். ஒரு விநாடிகூட ஆகாது. சிறிய கார் ஒன்றிலும் இதே மாதிரி நடக்கும்தான், ஆனால் அங்கே ஒரு ஹெட். இங்கே வால்வு, கைட், ஹெட், சில நேரம் பிஸ்டனும். அதின் விலை வேறு.

மூன்று வருசத்துக்கு ஒருக்கால் என்பது பழைய பேச்சு. கனக்கப் பேர் இப்போது ஐந்து வருசம் வரை விடுகிறார்கள். நான் மூன்று, கூடினால் நாலு என்று நிற்கிறவன். மைலைப் பார்க்காதேயுங்கோ, திகதியைப் பாருங்கோ. பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கும் மாற்றினார்களா என்று பில்லில் தேடுங்கோ. பெல்ட் அறுவதைவிட பேரிங் இறுகிப் பெல்ட்டைத் தின்பதுதான் நான் கண்டது கூட.

308, 328 இரண்டிலும் ஒரு வசதி இருக்குது. எஞ்சின் குறுக்கே படுத்திருப்பதால் பெல்ட் வலது பக்கம் வரும். பின் வலது சில்லைக் கழற்றி, உள் தகட்டை எடுத்தால் கை போகும். எஞ்சினை இறக்கத் தேவையில்லை. ஃபெராரியின் 348-இலும் டெஸ்டரோஸாவிலும் அப்படி இல்லை.

---

ரொறன்ரோபனி எழுதியது:

அதைச் சொல்ல நான் இருக்கிறேன் அண்ணா. என்னிடம் 1987 டெஸ்டரோஸா. பன்னிரண்டு சிலிண்டர், கிட்டத்தட்ட ஐந்து லீற்றர் எஞ்சின். பெல்ட் மாற்ற எஞ்சின், கியர்பொக்ஸ், பின் சப்ஃபிரேம் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கும். இறக்கி வைத்தால் ஒரு சாப்பாட்டு மேசையின் அளவு இடம் பிடிக்கும். இறக்கினது இறக்கினதுதானே என்று கிளட்ச், தண்ணீர் பம்ப், சீல், எல்லாக் குழாயும் அப்போதே மாற்றுவார்கள். மாற்றத்தான் வேணும், அடுத்த முறை கை போகாது.

காசைவிட எனக்குப் பெரிய பாடம் காத்திருப்பு. இந்தக் காரில் கை வைக்கத் தெரிந்தவர்கள் குறைவு, அவர்களிடம் வரிசை நீளம். போன வசந்தத்தில் ஏப்ரல் கடைசியில் கொடுத்தேன், ஒரு சிறு உதிரிப்பாகம் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியிருந்தது, ஓகஸ்ட் நடுவில்தான் திரும்பி வந்தது. இங்கே ரொறன்ரோவில் ரோட்டில் உப்புப் போடும் மாதங்களில் இதை வெளியே எடுக்க ஏலாது, மே முதல் ஒக்டோபர் வரைதான் எங்கள் காலம். அந்த வருசம் நான் ஓட்டியது ஒன்பது நாள். அதனால் இப்போது வேலை என்ன இருந்தாலும் பனி தொடங்கும்போதே கொடுத்துவிடுகிறேன்.

நிறுத்தி வைக்கும்போது டாங்கை முழுதாக நிரப்பி, பெற்றோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி, பற்றரிக்குப் பராமரிப்புச் சார்ஜர் மாட்டி, ரயரில் காற்றைக் கூட்டி வைப்பேன். எலியை மறக்க வேண்டாம். முதல் வருசம் காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே காய்ந்த புல்லும் பஞ்சும் கூடு கட்டிக் கிடந்தது. இப்போது எக்ஸோஸ்ட் வாயையும் காற்று போகும் வழியையும் இரும்பு வலையால் அடைத்துவிடுகிறேன், சாவியில் ஒரு சிவப்பு நாடா கட்டி அதை ஞாபகம் வைக்கிறேன்.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 348, டெஸ்டரோஸா பற்றியெல்லாம் யோசித்ததே இல்லை, இப்போது யோசிக்கவும் மாட்டேன்.

இன்னொன்று. இங்கே 40 வயது தாண்டினால் ரோடு டாக்ஸ் கிடையாது, காரின் பாதுகாப்பை வருடாவருடம் பார்க்கும் எம்ஓடி சோதனையும் கட்டாயமில்லை, லண்டனின் புகைமாசுக் கட்டணமான யூலெஸும் இல்லை. அந்த வகையில் இரண்டு காருமே லாபம்தான் இல்லையா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதில் சந்தேகமே இல்லை. டாக்ஸ் விலக்குக்கு விண்ணப்பம் மட்டும் போட வேண்டும், தானாக வராது. ஆனால் எம்ஓடி விஷயத்தில் நானே எச்சரிக்கிறேன். கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை வேறொருவர் காரின் அடியில் போய்ப் பார்ப்பதற்கு அவ்வளவு சிறிய கட்டணம் என்பது பெரிய விஷயம்.

வாங்கும் முன் அரசாங்கத் தளத்தில் நம்பரைப் போட்டு எம்ஓடி வரலாற்றைப் பாருங்கள். 2005-இலிருந்து ஒவ்வொரு சோதனையும், அன்றைய மைல் கணக்கும், "கவனிக்கவும்" என்று எழுதிய குறைகளும் இருக்கும். விற்பவர் வாய்ச்சொல்லை இதில் உரசிப் பார்க்கலாம்.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

இப்போதே பார்த்தேன். நீலக் காருக்கு 2005-இலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் இருக்கிறது. வருடம் 600 மைலிலிருந்து 2,000 வரை. கட்டாயம் நின்றுபோன பிறகும் சோதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். சிவப்புக் காருக்கு ஒன்றுமே வரவில்லை. 2004-இலேயே நின்றுவிட்டதால் பதிவே இல்லை. அந்த வெறும் பக்கத்தைப் பார்த்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

---

ரைன்கரை எழுதியது:

வணக்கம். டூசல்டோர்ஃபில் இருந்து. 1988 வருட 328 ஜிடிபி, பதினொரு வருடமாக என்னிடம். வருடம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறேன். இங்கே 30 வயதானால் எச் நம்பர் பிளேட் கிடைக்கும். எந்த எஞ்சினாக இருந்தாலும் வருட வரி 191 யூரோதான். ஆனால் அசல் நிலையில் இருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் தருவார்கள்.

பராமரிப்பைப் பற்றி ரெஜ்ஜோ அண்ணன் எழுதிவிட்டார். ஓட்டுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

காலையில் கிளப்பும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள், அது தானாகப் பிடிக்கும். முதல் கியர் இடது கீழே, இரண்டாவது நடுவில் மேலே, மூன்றாவது அதற்கு நேர் கீழே. குளிர்ந்த நிலையில் இரண்டாவது விழாது. கர்ரென்று சத்தம் கொடுக்கும், கையைத் தள்ளும். கியர்பாக்ஸ் ஆயில் தடித்திருப்பதால் கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோவுக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குப் போய்விட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு கியர்த் தண்டை இரண்டு விரலால் தள்ளிப் பாருங்கள், அந்த இரும்புத் தகட்டின் காடியில் டிக் என்று தட்டி உள்ளே இறங்கும். குளிரில் இரண்டாவதை அழுத்திப் போட்டே பழகிய கார்தான் பின்னால் சூட்டிலும் கர்ரென்னும். பார்க்கப் போகும்போது விற்பவரிடம் "நான் வரும்வரை கிளப்பாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சின் மூடியில் கை வையுங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஸ்டியரிங்குக்குப் பவர் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பத் தோள் வேண்டும், நகர ஆரம்பித்ததும் உயிர் வந்துவிடும். ரோட்டின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வரும். அதற்காகத்தான் இத்தனை செலவும். கோடையில் உள்ளே வெக்கை, ஏசியை நம்ப வேண்டாம். நிலத்தடி கார் பார்க்கின் சரிவில் முன்பக்கம் தட்டும், நான் குறுக்காக ஏற்றிப் பழகிவிட்டேன். கடை வாசலில் விட்டுவிட்டுப் போக மனம் வராது, அதனால் போகும் இடங்கள் குறையும். வாரக்கடைசியில் ஐஃபெல் மலைப் பக்கம் ஒரு சுற்று, நடுவில் ஒரு காபி, திரும்பி வீடு. என் பயன்பாடு அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

அப்புறம் ஃபியூஸ் பெட்டி. 308, 328 இரண்டிலும் அது பலவீனமான இடம். வாங்கின இரண்டாம் மாதம் ஆட்டோபானில், இருட்டுகிற நேரத்தில் முன் விளக்கு இரண்டும் அணைந்தன. ஓரம் கட்டி, பிளாஸ்டிக் எரிந்த வாசனை பிடித்துப் போனால் பெட்டியின் பின்புறம் ஒரு இணைப்பு பழுப்பாகி உருகியிருந்தது. முன்பு யாரோ ஒரு கராஜில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள். ஃபியூஸ் போகாமல் பெட்டி போயிற்று. இப்போது புதிய வார்ப்பில் செய்த மாற்றுப் பெட்டிகள் கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் போட்டுவிட்டேன். நீங்கள் பார்க்கும்போது பெட்டியின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், கழற்றிப் பின்புறத்தைப் பாருங்கள்.

---

ரெஜ்ஜோமெக்கானிக் எழுதியது:

ரைன்கரை சொன்னது நூற்றுக்கு நூறு. எரிந்த வாசனை என்றதும் ஞாபகம் வந்தது: இங்கிலாந்தில் 2021 செப்டெம்பரிலிருந்து சாதாரண பெற்றோல் இ10. பத்து வீதம் வரை எதனோல். பழைய ரப்பர்க் குழாயை அது மென்மையாக்கும், அதில் வெடிப்பு விழ வைக்கும். சுடு எஞ்சினுக்கு மேலே பெற்றோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எப்போதும் சுப்பர் இ5 அடியுங்கோ, எதனோல் தாங்கும் குழாயாக மாற்றுங்கோ, ஆசனத்துக்குப் பின்னால் ஒரு தீயணைப்பான் வையுங்கோ. எரிந்து போன ஒரு 308-இன் மிச்சத்தை எங்கள் முற்றத்தில் இறக்கினார்கள். அலுமினியம் உருகி நிலத்தில் மெழுகு மாதிரி உறைந்திருந்தது. குழாயின் விலை என்னவென்று யாராவது கேட்டால் எனக்கு அதுதான் கண்ணில் நிற்கும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் விலை விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சிவப்புக் காரைச் சீர்செய்து வைத்தால் பத்து வருடத்தில் அது நீலத்தைவிட நிச்சயம் அதிகம் போகும்.

---

ரைன்கரை எழுதியது:

போகலாம். ஆனால் அதை ஓட்டுவது யார்? 9,400 மைல் காரில் ஏறும் ஒவ்வொரு மைலும் அதன் விலையிலிருந்து கழிகிறது. ஞாயிறு காலை சாவியை எடுக்கும்போது அந்தக் கணக்கு தலைக்குள் ஓடும், சாவியைத் திரும்ப வைத்துவிடுவீர்கள். அப்படித்தான் அது இருபது வருடம் நின்றது. 61,000 மைல் கார் 64,000 ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை.

லெஸ்டர்வாசி பெட்ரோல் ஸ்டேஷனில் பார்த்த பெரியவர் மாதம் ஒருமுறையாவது ஓட்டிக்கொண்டு வந்தாரே. அவர் ஓட்டியதால்தானே இவருக்கு இந்த ஆசையே வந்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதற்குப் பதில் இல்லை என்னிடம். ஓட்டுவதற்கு என்றால் நீலம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இந்தக் கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு தனி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்துவிட்டோம்.

முதலில் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் கண் எடுக்க முடியவில்லை, அது உண்மை. மெக்கானிக் பேசவே இல்லை, நேராக டயருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு டார்ச் அடித்தார். மிஷெலின் டிஆர்எக்ஸ். பக்கச்சுவரில் தேதிக் குறி மூன்றே எண்: 274. இப்போதைய டயர்களில் நான்கு எண் இருக்கும், மூன்று எண் என்றால் 2000-க்கு முந்தையது என்று விளக்கினார். 1984-இன் 27-ஆவது வாரம். விற்பவர் சொன்னது உண்மைதான், டயர்கூட மாற்றவில்லை. நகத்தால் அழுத்தினால் மரம் மாதிரி இருக்கிறது, பள்ளங்களுக்கு அடியில் மயிர்க்கோடாக வெடிப்பு. டிஆர்எக்ஸ் மில்லிமீட்டர் அளவுச் சக்கரம், 390. சாதாரண 16 அங்குல டயர் அதில் ஏறாது. பழைய கார்களுக்கென்று இன்னும் செய்கிறார்கள், ஆனால் விலை அதிகம், இல்லாவிட்டால் சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

அப்புறம் பெட்ரோல் மூடியைத் திறந்தார். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி இருந்தது. பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டோம். பில் ஏதும் இல்லை. "ஓடவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும்?" என்றார் விற்பவர். நல்ல மனிதர்தான், அப்பா விட்டுப்போன கார், அவருக்கு இதெல்லாம் தெரியவில்லை. கிளப்பிப் பார்க்க மெக்கானிக் சம்மதிக்கவில்லை. இருபது வருடப் பெல்ட்டில் சாவியைத் திருப்பினால் அந்த எஞ்சினுக்குச் செய்கிற துரோகம் என்று அவரிடமே மெதுவாக எடுத்துச் சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் நீலம். எஞ்சின் மூடியில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. பெல்ட் கவரின் மேல் வெள்ளை பெயிண்ட் பேனாவால் "04/22, 59,100" என்று எழுதியிருந்தது. ஃபைலைப் புரட்டினால் அதே மாதத்துப் பில், பெல்ட் இரண்டு, டென்ஷனர் பேரிங் இரண்டு, காம் சீல், தண்ணீர் பம்ப். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் சோதனையில் ஏழு சிலிண்டர் எட்டு சதவீதத்துக்குள், ஒன்று மட்டும் பன்னிரண்டு. பயப்பட ஒன்றுமில்லை, குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஃபியூஸ் பெட்டி ஏற்கெனவே மாற்றியது. டயர் 16 அங்குலம், நான்கு வருடம் பழையது. குளிரில் இரண்டாவது கியர் விழவில்லை, ரைன்கரை சொன்ன மாதிரி மூன்றுக்குப் போனோம். இருபது நிமிடம் கழித்து அந்த டிக் சத்தத்தை நானே கேட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. வலது பின்சக்கர வளைவின் ஓரத்தில் பெயிண்ட் குமிழ் விட்டிருக்கிறது, ஒரு ரூபாய் நாணயம் அளவு. கதவின் கீழ் விளிம்பிலும் கொஞ்சம். எக்ஸாஸ்ட் அசல் இல்லை.

---

ரெஜ்ஜோமெக்கானிக் எழுதியது:

அந்தக் குமிழைச் சின்னதாக எடுக்காதேயுங்கோ. துரு உள்ளேயிருந்து வெளியே வரும், வெளியே ஒரு நாணயம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வளைவு முழுக்க நகர்த்திப் பாருங்கோ. பிடிக்காத இடமெல்லாம் பள்ளத்தை நிரப்பிப் பூசின புட்டி. கதவைப் புதிதாக வாங்கி மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதேயுங்கோ. இந்த உடல்கள் மொதெனாவில் ஸ்காலியெத்தி பட்டறையில் கையால் பொருத்திச் சரிபார்த்தவை. ஒரு காரின் கதவு அடுத்த காரில் அப்படியே உட்காராது, தட்டி, தேய்த்து, ஈயம் பூசித்தான் பொருத்த வேணும். உள்ள கதவை வெட்டித் திருத்துவதுதான் சரி. அந்த வேலையைச் சொல்லி விலையைக் குறையுங்கோ.

வாங்குகிற விலைக்கு மேலே முதல் வருசத்துக்கென்று ஒரு எட்டாயிரம் பவுண்ட் தனியாக வையுங்கோ. தேவைப்படாவிட்டால் அடுத்த பெல்ட்டுக்கு இருக்கும்.

---

ரொறன்ரோபனி எழுதியது:

இன்சூரன்ஸ் எடுக்கும்போது "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று எழுத்தில் வாங்குங்கோ தம்பி. சந்தை மதிப்பு என்று இருந்தால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. படம் எடுத்து, ஃபைலின் நகலையும் கொடுங்கோ. வருசத்துக்கு இத்தனை மைல், பூட்டிய கராஜ், ட்ராக்கர் என்று நிபந்தனை போடுவார்கள். அதை நிறைவேற்றத் தவறினால் காசு வராது.

---

லெஸ்டர்வாசி எழுதியது:

வாங்கிவிட்டேன். காந்தம் வைத்துப் பார்த்ததில் வளைவில் ஒரு கை அகலத்துக்குப் பிடிக்கவில்லை, அதைக் காட்டியதும் விற்பவரே தலையசைத்தார். 50,500-க்கு முடிந்தது. இரண்டு ஃபைலோடு ஒரு பழைய டைரியும் கொடுத்தார். ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, மைல், எத்தனை லிட்டர் என்று பதினாறு வருடமாக எழுதியிருக்கிறார். கொடுக்கும்போது ஒரு நிமிடம் கையிலேயே வைத்திருந்தார். அடுத்த பக்கத்தில் நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இன்சூரன்ஸ் 52,000 ஒப்புக்கொண்ட மதிப்பு, வருடம் 3,000 மைல், பூட்டிய கராஜ். மனைவி போன ஞாயிறு கூட வந்தாள். கூரையைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு ரட்லண்ட் ஏரிப் பக்கம் போனோம். திரும்பும்போது "இரண்டாவது கியர் இப்போது போடலாமா?" என்று அவளே கேட்டாள்.

ரெஜ்ஜோ அண்ணா, ஒரு கேள்வி. ஃபைல் முழுக்கத் தேடிவிட்டேன். எஞ்சின் பக்கத்துப் பெட்ரோல் குழாய்களெல்லாம் 2019-இல் மாற்றிய பில் இருக்கிறது. இரண்டு டாங்கையும் இணைக்கும் அந்தத் தடித்த குழாயைப் பற்றி எங்கேயும் ஒரு வரி இல்லை. தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் பிசுபிசுக்கிறது. குளிர்காலம் வரை விடலாமா?

---

ரெஜ்ஜோமெக்கானிக் எழுதியது:

விடாதேயுங்கோ. பிசுபிசுத்தால் ரப்பர் கரையத் தொடங்கிவிட்டது. இந்தக் கிழமை ஓட்ட வேண்டாம். இரண்டு டாங்கையும் வடித்துவிட்டு மாற்றச் சொல்லுங்கோ, கிளிப்பும் புதிதாகப் போடச் சொல்லுங்கோ. கழற்றின குழாயை நீளவாக்கில் வெட்டி உட்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கோ. உள்ளே கறுப்புத் தூள் உதிர்ந்தால் ஃபில்டரும் மாற்ற வேணும். குழாயில் அச்சடித்த எண் தெரிந்தால் அதையும் எழுதுங்கோ, எந்த வருசத்துக் குழாய் என்று பார்த்துச் சொல்கிறேன்.